மகளுக்குக் கட்டிய வீடும் மாத வாடகையும்: களுதாவளையில் சிறு வாடகைக் குடியிருப்புகள்

களுதாவளையில் வாடகைக்குப் போகும் வீடுகள் பெரும்பாலும் மகள்மாருக்கென்று கட்டப்பட்டவை. மூத்தவளுக்கு எழுதிக்கொடுத்த வீட்டின் பின்வளவில் இளையவளுக்கும் ஒரு வீடு எழும்பும். அவள் படித்து முடிக்கும் வரையோ, வெளிநாட்டிலிருந்து திரும்பும் வரையோ அந்த வீட்டில் இடமாற்றம் பெற்றுவந்த ஆசிரியர் குடும்பமொன்று குடியிருக்கும். கொழும்பின் புறநகர்களில் முதலீட்டுக்கென்றே கட்டப்படும் நான்கு வீட்டு, ஆறு வீட்டுத் தொகுதிகள் இங்கே அரிது. ஒரே வளவில் இரண்டு மூன்று வீடுகள், அல்லது கீழ்வீடும் மேல்வீடும். ஒன்றில் சொந்தக்காரர், மற்றதில் வாடகைக் குடும்பம். சிறு வாடகை ஆதனம் இந்த ஊரில் எடுத்திருக்கும் உருவம் இதுதான். யார் கையொப்பமிடுவது, எத்தனை மாதத்துக்கு விடுவது, வாடகை போதுமா இல்லையா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த வீடு யாருக்காகக் காத்திருக்கிறது என்பதிலேயே தொங்கி நிற்கிறது.

ஊர் மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனைக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணற்பரப்பில் இருக்கிறது. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைக் கொடியாலும் மரக்கறித் தோட்டங்களாலும் வெளியே அறியப்படுவது. நிர்வாகப்படி மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. வாடகைக்கு ஆள் வருவது பக்கத்து ஊரான களுவாஞ்சிக்குடியின் தயவில்தான். ஆதார வைத்தியசாலை, பிரதேச செயலகம், நீதவான் நீதிமன்றம், பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகம், வங்கிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு இடமாற்றம் பெற்று வரும் தாதியர், வைத்தியர், ஆசிரியர், எழுதுவினைஞர் ஆகியோரே வீடு தேடுவோர். தனியாக வரும் பெண் உத்தியோகத்தர்கள் முழு வீடு எடுப்பதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ‘போடிங்’ பார்ப்பார்கள். இடமாற்றப் பட்டியல் வெளிவரும் காலத்தில் கேள்வி கூடும், மற்ற மாதங்களில் வீடு வெறுமனே கிடக்கவும் கூடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் மாவட்டத்துக்குள் வந்தபோது நல்ல வீடுகளின் வாடகை ஏறியது. அவை போனதும் இறங்கியது. அந்த ஏற்றத்தை நம்பிக் கட்டியவர்கள் அலுவலக அளவு அறைகளோடு, குடும்பம் தேடாத வீடுகளை வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

சீதன வீடும் அதன் சட்டமும்

மட்டக்களப்புப் பகுதியில் திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதே வழமை. வீடும் வளவும் பெண்வழியே இறங்கும். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு செய்த நீண்டகால ஆய்வில் இந்த ஒழுங்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்: மூத்த மகள் கலியாணமானதும் தாய்வீட்டை எடுத்துக்கொள்வாள், பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அடுத்த வீட்டுக்கு நகர்வர், அதுவும் ஒருநாள் அடுத்த மகளுக்குப் போகும். வீடு கட்டுதல் இங்கு தகப்பனின், சில வீடுகளில் அண்ணன்மாரின், ஆயுட்காலக் கடமை. கட்டிய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் இடையில் விழும் வருடங்களே வாடகைக்கு வீட்டைக் கொண்டுவருகின்றன.

முன்னொரு காலத்தில் இப்பகுதியின் சொத்துரிமையை முக்குவர் சட்டம் என்ற வழமைச் சட்டம் ஆண்டது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தோடு அது வழக்கிழந்தது. இன்று மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் வாழ்க்கைத்துணைக்குப் பாதியும் பிள்ளைகளுக்குச் சமபங்காக மறுபாதியும் போகும். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமையில் மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச்சட்டத்தின் கீழ் மட்டக்களப்புப் பெண்ணுக்கு அந்தத் தடை கிடையாது. தன் பெயரிலுள்ள வீட்டை அவள் தானே விற்கலாம், ஈடு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம். நடைமுறையில் வாடகை பேசுவதும் முற்பணம் வாங்குவதும் கையொப்பமிடுவதும் கணவனாகவோ தகப்பனாகவோ இருப்பதே இங்கு அடிக்கடி நிகழும் முதற் பிழை. உறுதியில் இல்லாத பெயர் உடன்படிக்கையில் இருந்தால், தகராறு வரும் நாளில் அந்தத் தாள் இரு பக்கத்துக்கும் உதவாது.

சீதனமாகக் கொடுக்கும் நன்கொடை உறுதிகளில் பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். உடைமையும் வாடகையும் சாகும்வரை அவர்களுக்கு, உரித்து மகளுக்கு. அப்படியான வீட்டைத் தாய் மட்டும் ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டு இரண்டாம் வருடம் காலமாகிவிட்டால், குத்தகையும் அவரோடு முடிந்துபோகும். ஆகவே வாடகைக்கு எடுப்பவர் தாய், மகள் இருவரின் கையொப்பத்தையும் கேட்பதே முறை. நன்கொடையை மகள் ஏற்றுக்கொண்டதாக உறுதியில் பதிந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஏற்பு இல்லாத நன்கொடை சட்டத்தின் முன் நிறைவு பெறாதது. கொடுத்தவர் பின்னால் மனம் மாறி உறுதியை ரத்துச் செய்துவிடுவாரோ என்ற பழைய அச்சத்தை 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் பெரிதும் குறைத்திருக்கிறது. மீளப்பெற முடியாத நன்கொடையை இனி நீதிமன்றத்தின் கட்டளையால் மட்டுமே, அதுவும் பெரும் நன்றிகேடு நிரூபிக்கப்பட்டால் மட்டுமே, ரத்துச் செய்யலாம்.

மேல்வீட்டைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். காணி சுருங்கியதால், கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்வீடு இளையவளுக்கு என்று கட்டும் குடும்பங்கள் கூடிவருகின்றன. இலங்கைச் சட்டத்தில் ஒரு மாடியை மட்டும் தனியே உரிமையாக எழுத ஒரே வழி 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான். அதற்கு நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் வேண்டும். அது அங்கீகாரம் பெற்றுப் பதிவாகவும் வேண்டும். இவ்வளவு தூரம் கிராமத்துக் குடும்பங்கள் போவதில்லை. இரு மகள்மாருக்கும் காணியிலும் கட்டடத்திலும் பிரிபடாத அரைப்பங்கு என்று எழுதிவிட்டு, யார் மேல், யார் கீழ் என்பதை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். சகோதரிகள் ஒற்றுமையாக இருக்கும் வரை இதில் குறையில்லை. ஒருத்தி தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போனால், வாங்குபவர் பெறுவது மேல்வீட்டை அல்ல, முழு ஆதனத்திலும் பிரிபடாத பாதியை. அதிலிருந்து வெளியேறும் வழி 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழான வழக்கு. அது வருடக்கணக்கில் இழுபடும். மாடியை நிலம்போல் பிளக்க முடியாதபோது ஏல விற்பனையிலும் முடியலாம்.

வாங்குமுன் காகிதம்

களுதாவளையில் வாடகை வீடு வாங்கி நட்டப்பட்டவர்களின் கதையை விசாரித்தால், குடியிருந்தவரைவிட உறுதியே பெரும்பாலும் காரணமாக இருக்கும். காணி உறுதிக் காணியா அரச காணியா என்பதே முதலில் தெளியவேண்டியது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அப்படிச் செய்த விற்பனை செல்லாது. ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் வழங்கிய அளிப்புகளுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அனுமதிப்பத்திரக் காணியிலுள்ள வீட்டை நல்ல விலைக்கு வெள்ளைத் தாளில் ‘எழுதி’ வாங்கியவர், வாடகை வாங்கும் வரை சொந்தக்காரர்போல் இருப்பார். வங்கியில் கடன் கேட்கும்போதோ பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கப் போகும்போதோதான் கையில் ஒன்றுமில்லை என்பது தெரியவரும்.

உறுதிக் காணியாயின் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் தோம்பு பார்த்து, குறைந்தது 30 வருட உரித்துத் தொடரை நொத்தாரிசு மூலம் சரிபார்ப்பது வழமை. போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து உறுதிகளைத் தொலைத்த குடும்பங்களும், இறந்தவரின் மரபுரிமை ஒழுங்காகத் தீர்க்கப்படாத வளவுகளும் இப்பகுதியில் பல. ஒரு பங்காளர் லண்டனில், ஒருவர் சுவிற்சர்லாந்தில் என்றிருந்தால் ஒவ்வொருவரின் அற்றோணித் தத்துவமும் செல்லுபடியாகுமா என்று பார்க்கவேண்டும். பத்து வருடத் தடையற்ற எதிருரிமை உடைமையால் உரித்துக் கோரும் ஆட்சிக் காலச் சட்டம் 1871ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. போரால் இடம்பெயர்ந்தோருக்கு எதிராக இக்காலக் கணக்கை நிறுத்திவைக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்தது. வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் சம்மதத்தோடு இருப்பதால் ஆட்சிக் காலத்தால் உரித்துப் பெறமாட்டார். ஆனால் அவர் வாடகைக்கு இருந்தார் என்பதைக் காட்டப் பற்றுச்சீட்டு வேண்டும். ‘வீட்டைப் பார்த்துக்கொள்’ என்று உறவினரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இருபது வருடம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கே ஆட்சிக் காலச் சட்டம் கசப்பாகப் புரிந்திருக்கிறது.

புலம்பெயர்ந்தோர் வாங்குவதற்கும் எல்லை உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (கைமாற்றக் கட்டுப்பாடுகள்) சட்டப்படி, இலங்கைக் குடியுரிமையை இழந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கும் நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகப் பெறுபவருக்கும் விலக்கு இருக்கிறது. தடையைத் தாண்டத் தம்பியின் பெயரில் வாங்கும் வழக்கம் பரவலானது. பணம் அனுப்பியவருக்குச் சட்டத்தில் பிடி மிகக் குறைவு.

கட்டடத்தைப் பற்றி மூன்று காரியங்கள். பிரதேச சபை அங்கீகரித்த வரைபடம் ஒரு குடியிருப்புக்கா இரண்டுக்கா என்றும், கட்டிமுடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெறப்பட்டதா என்றும் பார்க்கவேண்டும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் 200 மீற்றர் கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டுப் பிறகு தளர்த்தப்பட்டது. அக்காலத்தில் அரைகுறையாக நின்ற கட்டடங்களின் அனுமதி நிலையைத் தனியே கேட்டறிவது நல்லது. நெடுஞ்சாலையோரமாயின் வீதிக்கோட்டுக்குள் மதிலோ முன்அறையோ நீண்டிருக்கிறதா என்பது மூன்றாவது.

விற்பனை உறுதிக்கான முத்திரைத் தீர்வை மாகாண சபைக்குப் போகிறது: முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். நொத்தாரிசு கட்டணம், அளவைப் படச் செலவு எல்லாம் வாங்குபவர் தலையில்.

கணக்கு

கற்பனைக் கணக்கொன்று நிலைமையைத் தெளிவாக்கும். இரண்டு வீடுகளுள்ள வளவொன்றை 1 கோடி 60 இலட்சம் ரூபாவுக்கு ஒருவர் வாங்குகிறார். வீட்டுக்கு மாதம் 25,000 ரூபா வாடகை. வருடத்துக்கு 6 இலட்சம். ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்ததற்கு 50,000, பூச்சு, பழுதுபார்ப்புக்கு 60,000, வரியும் சில்லறையுமாக 15,000 கழிந்தால் மிஞ்சுவது 4,75,000. போட்ட பணத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம். பாதிப் பணத்தை 12 சதவீத வட்டிக்குக் கடன் எடுத்திருந்தால் முதல் வருட வட்டி மட்டும் 9,60,000; செலவு போக மிஞ்சும் வாடகை அதில் பாதிக்குக்கூட எட்டாது. இதே ஆள் தன் சொந்த வளவில் 45 இலட்சத்துக்கு இரண்டாவது வீடொன்றைக் கட்டி அதே வாடகைக்கு விட்டால், செலவு போக 2,40,000 மிஞ்சும். போட்ட பணத்துக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல். காணி விலை கணக்கில் ஏறாததே வேறுபாடு. களுதாவளையில் வாடகை வீடு ‘வாங்கப்படுவதை’விடக் ‘கட்டப்படுவது’ அதிகமாக இருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல.

நிலையான வைப்போடு ஒப்பிட்டால் வாடகை தோற்றுத்தான் போகும். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திய பின், ஒரு வருட வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்த காலம் இருந்தது. அதே வருடத்தில், 2021இல் ஏறத்தாழ 1,000 ரூபாவாயிருந்த சீமெந்துப் பை 3,000 ரூபாவை எட்டியது. பாதியில் நின்ற மேல்வீடுகளின் கம்பிகள் அந்த வருடத்தின் சாட்சியாக இன்றும் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அரச ஊழியர்களுக்கான ஆதனக் கடன், ஊழியர் சேமலாப நிதியைப் பிணையாக வைத்து எடுக்கும் வீட்டுக் கடன், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஆகியவையே இங்கு கட்டுமானத்தின் மூன்று ஊற்றுகள். வட்டி குறைந்த ஆதனக் கடனில் கட்டிய ஆசிரியருக்கு வாடகை மாதத் தவணையில் ஒரு பகுதியைத் தாங்கும். எப்படியும் கட்டவேண்டிய வீட்டின் சுமையைச் சில வருடம் பகிர்ந்துகொள்ளும் வருமானம் அது. அந்த அளவோடு எதிர்பார்த்தவர் ஏமாறுவதில்லை.

சட்டமும் உடன்படிக்கையும்

1970களின் தொடக்கத்தில் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில் வந்த இரண்டு சட்டங்கள் இலங்கையின் வாடகை வீட்டுச் சந்தையை நெடுங்காலம் ஆண்டன. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தி, குடியிருப்பவரை எழுப்புவதைக் கடினமாக்கியது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை போட்டது. நகரங்களில் வாடகைக்கென்று வீடு கட்டுவது அதோடு ஏறக்குறைய நின்றே போயிற்று. 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம், 1980 ஜனவரி 1ஆம் திகதிக்குப் பின் கட்டி வாடகைக்கு விடப்பட்ட வசிப்பிடங்களை வாடகைச் சட்டத்திலிருந்து விலக்கியது. களுதாவளையில் இன்று வாடகைக்குப் போகும் கல்வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. எனவே, ‘வாடகைக்காரன் பிடித்தால் விடமாட்டான்’ என்ற ஊர்ப் பயத்துக்கு இவ்வூரில் சட்ட ஆதாரம் மெலிந்தது. பயம் மட்டும் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

இந்த வீடுகளுக்கு ரோமன்-டச்சுப் பொதுச் சட்டமும் ஒப்பந்தமும் பொருந்தும். இங்கே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச்சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். கடையில் வாங்கும் அச்சடித்த பத்திரத்தில் ‘இரண்டு வருடம்’ என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டால், அந்த இரண்டு வருடத்துக்குச் சட்டப் பெறுமதி இல்லை. குடியிருந்து வாடகை கட்டுவதால் உருவாவது மாதாந்த வாடகை உறவு. ஒரு முழு மாத அறிவித்தலால் அதை முடிக்கலாம். மகளின் கலியாணம் எப்போது பேசி முடியும் என்று தெரியாத சொந்தக்காரருக்கு இது பாதகமல்ல. ஆனால் மூன்று வருடத்துக்கு நிலையாக இருக்கலாமென்று நம்பிப் பிள்ளைகளைக் களுதாவளைப் பாடசாலையில் சேர்த்த குடும்பத்துக்கு அது பாதகம்.

நொத்தாரிசுக் குத்தகை எழுதுவதால் சொந்தக்காரருக்கும் இலாபம் உண்டு. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து உடைமையை மீட்க நீதிமன்றத்தில் சுருக்கமான நடைமுறையைத் தருகிறது. வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட இடங்களுக்கு அது பொருந்தாது. செலவைப் பொறுத்தவரை, குத்தகை உறுதிக்கான முத்திரைத் தீர்வை 2025 ஏப்ரல் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாயிற்று. சிறு வாடகைக்கு இது பெரிய தொகையல்ல. தீர்வையை மிச்சப்படுத்த உறுதியில் வாடகையைக் குறைத்து எழுதும் பழக்கம், நிலுவை கேட்டு வழக்குப் போடும்போது சொந்தக்காரரையே கட்டிப்போடும்.

முற்பணத்தில் இரண்டு வகை உண்டு. தகராறுகளில் பாதி இவற்றைக் குழப்புவதால் வருவது. ஒன்று, வெளியேறும்போது திருப்பிக் கொடுக்கும் வைப்பு. மற்றது, மாதாமாதம் வாடகையில் கழியும் முன்கொடுப்பு. எது என்று எழுத்தில் இல்லாவிட்டால் கடைசி மூன்று மாதம் இரு பக்கமும் வெவ்வேறு கணக்குச் சொல்லும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வைப்பை மூன்று மாத வாடகையாகக் கட்டுப்படுத்துகிறது. டொரோண்டோவில் நிலவறை வாடகைக்கு விடும் தமிழர் கடைசி மாத வாடகையைத் தவிர வேறு வைப்பு வாங்க ஒன்ராறியோச் சட்டம் விடாது. அங்கிருந்து திரும்பி வந்து இங்கே ஒரு வருட முற்பணம் கேட்பவர்களும் அதே தமிழர்தான்.

யாருக்கு விடுவது என்ற கேள்விக்கு ஊரில் முதலில் கேட்கப்படுவது எந்த ஊர், எந்தத் தாய்வழிக் குடி, கோயில் திருவிழாக் காலத்தில் மச்சம் சமைப்பார்களா என்பவை. ஒரே வளவில் சேர்ந்து வாழப்போகிறவர்கள் பழக்கவழக்கம் கேட்பது இயல்பு. ஆனால் குடியைக் கேட்டதால் வாடகை ஒழுங்காக வந்ததென்று சொல்ல ஒன்றுமில்லை. முந்திய வீட்டுக்காரரிடம் ஒரு தொலைபேசி அழைப்பும் சம்பளப் பட்டியலின் பிரதியும் அதைவிட அதிகம் சொல்லும்.

மீற்றர், கிணறு, கூரை

ஒரு வளவில் இரண்டு குடும்பம் ஒரே மின்மானியில் இருப்பதே அன்றாடச் சண்டைகளின் ஊற்று. இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்புடையது. மாதம் 60 அலகுக்கு உட்பட்டவருக்கு ஓர் அட்டவணை. அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணை, நிலைக்கட்டணமும் கூடும். தலா 55 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் தனித்தனி மீற்றரில் குறைந்த படியில் நிற்கும். ஒரே மீற்றரில் 110 அலகாகி இருவருமே கூடிய கட்டணம் கட்டுவர். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் நிகழ்ந்த பெரும் கட்டண உயர்வுகளுக்குப் பின் இந்த வேறுபாட்டைக் கண்டும் காணாமல் விட முடியாமற்போயிற்று. இரண்டாவது இணைப்புக்குத் தனி வாசலும் தனி மதிப்பீட்டு இலக்கமும் வழக்கமாகக் கேட்கப்படும் என்பதால், வரைபடம் போடும்போதே அதை யோசிக்கவேண்டும். இணைப்பு சொந்தக்காரர் பெயரில் இருக்கும். நிலுவை வைத்துவிட்டுக் குடியிருந்தவர் போனால் துண்டிக்கப்படுவது சொந்தக்காரருடைய மின்சாரம். முன்அறையில் கடையோ தையலகமோ நடத்தினால் கட்டண வகையே மாறிவிடும்.

எழுவான்கரை மணலில் தண்ணீர் ஆழமில்லை. அதுவே வசதியும் ஆபத்தும். மலக்குழியிலிருந்து கசிவது கிணற்றுக்கு எளிதில் போய்ச் சேரும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பதே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் வழமையான அறிவுரை. பத்துப் பதினைந்து பேர்ச்சஸ் துண்டில் இரண்டு வீடும் இரண்டு மலசலகூடமும் ஒரு கிணறும் வைக்கும்போது அந்த அளவு பக்கத்து வளவின் குழியால் கெட்டுப்போகும். இரண்டாவது வீட்டுக்கு இடம் குறிக்குமுன் அயல் வளவின் மலக்குழி எங்கே என்று பார்ப்பது அறிவு. ஆழிப்பேரலையில் உப்பேறிய கிணறுகளின் அனுபவமும் இப்பகுதிக்கு உண்டு. தண்ணீர் மோட்டரை யார் எத்தனை மணிக்குப் போடுவது, தாங்கியை யார் கழுவுவது என்பவை உடன்படிக்கையில் எழுதத் தகுதியில்லாத சில்லறைகளாகத் தோன்றும். சென்னையின் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தன வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை நடந்தது இந்தச் சில்லறைகளுக்காகத்தான்.

கூரைக்கு மழைதான் பரீட்சை. வடகீழ்ப் பருவமழை மட்டக்களப்பில் மாதக்கணக்கில் நின்று பெய்யும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மாவட்டத்தின் கூரைகளைப் பறித்துப் போனதை முதியோர் மறக்கவில்லை. 2011 ஜனவரி வெள்ளம் தாழ்ந்த வளவுகள் எவை என்பதைக் காட்டிக்கொடுத்தது. வீடு வாங்கப் போகிறவர் அந்த வெள்ளம் எந்தப் படி வரை வந்ததென்று அயலில் கேட்டால் போதும். உப்புக் காற்றில் கம்பி விரைவாகத் துருவேறிக் கொங்கிறீற் வெடிக்கும். மேல்வீடு பிறகு கட்டலாமென்று தட்டையாக விட்ட கூரைத்தட்டில் தண்ணீர் தேங்கிக் கசிந்தால் கீழ்வீட்டு வாடகை முதலில் போகும். பழுதுபார்ப்பில் கட்டமைப்பு, கூரை, குழாய்ப் பிரதான வழி ஆகியவை சொந்தக்காரருக்கு, மின்குமிழும் பூட்டும் குடியிருப்பவருக்கு என்பது பொது வழக்கம். மாரிக்குமுன் ஓட்டையும் பீலியையும் சரிபார்ப்பவர் மேசனைத் தேடி மார்கழியில் அலையமாட்டார்.

வரியில் இந்த அளவு வாடகைகள் பெரும்பாலும் சிக்குவதில்லை. பிரதேச சபையின் சோலை வரி சிறு தொகை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டப்படி வாடகையும் வருமானமே. தனிநபருக்கான வருட விலக்கு 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம் ரூபா. வாடகை வருமானத்தில் பராமரிப்புக்கென 25 சதவீத நிவாரணமும் உண்டு. சம்பளமும் வாடகையும் சேர்ந்து விலக்கைத் தாண்டும் வைத்தியர், வங்கி உத்தியோகத்தர் போன்றோரே கணக்குக் காட்டவேண்டியிருக்கும்.

முடித்தலும் விற்றலும்

வாடகை நின்றாலோ கலியாணம் சரிவந்தாலோ வீட்டைத் திரும்பப் பெறவேண்டும். சரியான வழி எழுத்துமூல அறிவித்தல், அதன்பின் வழக்கு. சிறு பிணக்குகள் முதலில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கு ஊர்ப் பெரியவர்கள் முன் தவணை முறையில் நிலுவை தீர்வது உண்டு. பொறுமையிழந்த சொந்தக்காரர் பூட்டை மாற்றிச் சாமான்களை வெளியே வைத்தால் நிலைமை தலைகீழாகும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்கு வந்தால், அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உடைமையில் அமர்த்தும்படி கட்டளை பிறக்கலாம். உரித்து யாருக்கு என்பது அந்தக் கட்டத்தில் எடுபடாது. ஒப்படைக்கும் நாளில் இரு பக்கமும் நின்று சுவர், கதவு, மீற்றர் அளவு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக் கையொப்பமிட்டால் வைப்புப் பணத் தகராறு அநேகமாக எழாது. குடி வரும் நாளிலேயே கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் இதற்கு மலிவான சாட்சி.

குடியிருப்பவர் இருக்கும்போதே வீடு விற்கப்பட்டால் பொதுச் சட்டத்தில் குத்தகை விற்பனையை முந்தும். வாங்குபவர் நிலவும் குத்தகையோடு சேர்த்தே வாங்குகிறார். செல்லுபடியான குத்தகைக் காலம் முடியும் வரை குடும்பத்தை எழுப்ப அவருக்கு உரிமையில்லை. மாதாந்த வாடகையாயின் முறையான அறிவித்தல் கொடுத்தால் போதும். விற்பனை நாளிலிருந்து வாடகை புதியவருக்குரியது. அதைக் குடியிருப்பவருக்கு எழுத்தில் அறிவிக்காவிட்டால் அவர் பழையவரிடமே கட்டிக்கொண்டிருப்பார், அதற்கு அவரைக் குறைசொல்லவும் முடியாது. பழையவர் வாங்கிய வைப்பு விலையில் கழிக்கப்பட்டுப் புதியவரிடம் போயிற்று என்ற வாசகம் அறுதி உறுதியிலேயே இருக்கவேண்டும். அந்த ஒரு வரி இல்லாத விற்பனைகளில் வெளியேறும் குடும்பம் தன் முற்பணத்துக்காக இரண்டு வாசல்களில் மாறிமாறி நிற்க நேர்கிறது.